முதலாம் தரத்து இந்தியன்

மனித குலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு சக்கரம் என்று பள்ளிப் புத்தகங்கள் பிழையாகச் சொல்லிக்கொடுத்து வருகின்றன. சக்கரத்தை எவனும் கண்டுபிடிப்பான். மேட்டிலிருந்து ஒரு கல் உருண்டால் போதும். அந்தச் சக்கரத்தைச் சுழலவிடாமல் நிறுத்தி வைத்தால் அதன் மதிப்பு ஏறும் என்று கண்டுபிடிக்கத்தான் மூளை வேண்டும். அத்தகைய மூளை திருவாளர் தில்லையம்பலத்திடம் இருந்தது. அது முதன்முதலாக முழு வேகத்தில் இயங்கிய இடம், கனடாவில், ஸ்காபரோவின் வடகிழக்கு மூலையில், மல்வேர்னில், நீக்கிலாப்பிள்ளையின் கராஜ்.

நீக்கிலாப்பிள்ளை அதுவரை யாராலும் மதிப்பிடப்படாத மனிதர். கார்க் கதவுகளுக்கு ரப்பர் விளிம்பு செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடங்களாகப் பின்னேர ஷிப்ட். மேற்பார்வையாளர் அவரை ‘நிக்’ என்று கூப்பிடுவார். மிச்சப் பெயரைச் சொல்ல நேரம் போதாது. ஊர்ச் சங்கக் கூட்டங்களில் அவருக்கு எப்போதும் வாசல் கதவுக்குப் பக்கத்துக் கதிரை. குளிர்காற்று உள்ளே வரும்போதெல்லாம், “அண்ணை, உந்தக் கதவை ஒருக்காச் சாத்திவிடுங்கோ” என்று சபை அவரை நினைவுகூரும்.

இப்படிப்பட்டவரின் வாழ்க்கையில் ஓர் அமெரிக்க மோட்டார்சைக்கிள் நுழைந்தது, மனைவி கிளடிஸின் புண்ணியத்தில்.

கிளடிஸ் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளர். அவருடைய பொறுப்பில் இருந்த ஒன்பது பேரில் வோல்ட்டர் ஒருவர். முன்பு குழாய் திருத்தும் தொழில் செய்தவர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. பக்கவாதம் வந்தபின் இடது பக்கம் வேலை செய்யாது. பேசினால் கொதிக்கிற பானைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். கிளடிஸுக்கு மட்டும் விளங்கும். வோல்ட்டரின் வீட்டை விற்றபோது, அவருடைய கராஜில் சைட்கார் பூட்டிய பழைய ‘இந்தியன்’ மோட்டார்சைக்கிள் ஒன்று மிஞ்சியது. அதை வோல்ட்டர் கிளடிஸின் குடும்பத்துக்கே சும்மா கொடுத்துவிட்டார். ஒரே ஒரு வேண்டுகோள்: ஒரு நாள் அதை இல்லத்துக்குக் கொண்டுவந்து, தன்னைச் சைட்காரில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்.

நீக்கிலாப்பிள்ளை கிழவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “வாற ஞாயிறு” என்றார். அது மூன்று வருடங்களுக்கு முந்திய ஞாயிறு.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று கிளடிஸ் அதைச் சுற்றி வந்து பார்த்தார். “செய்தது அமெரிக்காவில. பேர் இந்தியன். வைச்சிருக்கிறது யாழ்ப்பாணத்தான். நிக்கிறது கனடாவில. இதுக்கு முதல்ல ஒரு அகதிக் கோரிக்கை போடவேணும், என்ன?”

நீக்கிலாப்பிள்ளை சிரித்தார். அவர் அந்த வண்டியைப் பார்த்துச் சிரித்த கடைசி நாள் அதுதான். மறுநாள் தில்லையம்பலம் வந்தார்.

தில்லையம்பலம் ஒரு காலத்தில் வீடு விற்றார். பிறகு வீட்டுக் கடன் எடுத்துக் கொடுத்தார். பிறகு மணவறை வாடகைக்கு விட்டார். கராஜுக்கு வந்தபோது அவர் ‘ஒன்ராறியோத் தமிழர் தொன்மை ஊர்திகள் மதிப்பீட்டுப் பேரவை’யின் நிறுவுநர், தலைவர், தலைமை மதிப்பீட்டாளர். இணையத்தில் இரண்டு நாள் பாடநெறி முடித்திருந்தார். பேரவையில் பதினொரு நிர்வாகிகள் இருந்தார்கள். ஊர்திதான் இல்லாமல் இருந்தது.

அவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு கராஜுக்குள் நுழைந்தார். கூடவே செயலாளர் ஜெயரட்ணம், நூற்றிரண்டு கேள்விகள் கொண்ட படிவத்துடன். சோதனை முக்கால் மணி நேரம் நடந்தது. தில்லையம்பலம் வண்டிக்குக் கீழே படுத்தார், எழுந்தார், இருக்கையை முகர்ந்தார், கண்ணை மூடினார்.

“அண்ணை, இருக்கைக்குக் கீழ ஒரு நம்பர் அடிச்சுக் கிடக்கு. ஒன்பதாயிரமோ பத்தாயிரமோ இல்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தெட்டு! வருசத்தையே அடிச்சு வைச்சிருக்கிறான்கள். வயது நிச்சயம். இனி நிலை.”

“நிலை கொஞ்சம் துருதான் தம்பி,” என்றார் நீக்கிலாப்பிள்ளை வெட்கத்துடன். “ஞாயிறுக்கு முதல் தேய்ச்சு விடுறன்.”

தில்லையம்பலம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “தேய்ச்சுப்போடாதேங்கோ! உது துரு இல்லை. உது பட்டினா.”

“பட்டினியோ?”

“பட்டினா, அண்ணை! காலம் இரும்பிலை போடுற கையெழுத்து. துரு எண்டா கழிவு. பட்டினா எண்டா மதிப்பு.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“எங்கட சான்றிதழ்.”

பிறகு அவர் விஞ்ஞானத்தை விளக்கினார். பழைய மோட்டார்சைக்கிள்கள் ஆறு தரம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பது முதலாம் தரம். பாகம் பாகமாகக் கழற்றி விற்க மட்டும் உதவுவது ஆறாம் தரம். வயது ஏற ஏற மதிப்பு ஏறும். கை பட்டால் இறங்கும். துடைத்தால் இறங்கும். பூசினால் இறங்கும். ஸ்ரார்ட் பண்ணினால் ஒரு தரம் இறங்கும். ஓட்டினால், அதைப் பற்றிப் பேசவே அவர் விரும்பவில்லை.

“அப்ப இதை என்ன செய்யிறது?” என்று கிளடிஸ் கதவடியில் நின்று கேட்டார்.

“வைச்சிருக்கிறது, அக்கா.”

“நீங்கள் எப்பவாவது மோட்டார்சைக்கிள் ஓடியிருக்கிறியளோ?”

“மதிப்பிடுறவன் ஏறக்கூடாது. ஏறினால் பாசம் வந்திடும். பாசம் வந்தால் பக்கச்சார்பு,” என்றார் தில்லையம்பலம்.

அந்த நாளிலிருந்து கராஜில் ஒரு ஹீற்றர் எரிந்தது. காற்றின் ஈரத்தை அளக்க ஒரு கருவி தொங்கியது. வீட்டுக் கார் வெளியே பனிக்குள் நின்றது. காலை ஐந்து மணி வேலைக்குப் போகும் கிளடிஸ் தினமும் அரை மணி நேரம் அதன் ஐஸைச் சுரண்டினார். வண்டியின் பச்சை நிறம் அந்த ஒரே வருடத்தில் மட்டும் பூசப்பட்ட ‘காட்டுப்பச்சை’ என்று பேரவை தீர்மானித்தது. கியர்க் கம்பியின் வெள்ளைக் குமிழ் யானைத் தந்தமாக இருக்கலாம் என்று ஓர் உபகுழு கருதியது. கராஜில் எப்போதும் வீசிய பெற்றோல் மணத்துக்குக்கூட, ‘காலத்து வாசம்’ என்ற தலைப்பில் அரைப் புள்ளி கிடைத்தது. இரண்டாம் தரம் என்று தற்காலிகச் சான்றிதழ் வந்தது. முப்பத்தெட்டாயிரம் டொலர் என்றும் அதில் போட்டிருந்தது. ஆனால் நீக்கிலாப்பிள்ளையை ஆட்டிப்படைத்தது டொலர் அல்ல.

ஊர்ச் சங்க ஒன்றுகூடலில் ஒருவர் எழுந்து தன்னுடைய முன்வரிசைக் கதிரையை அவருக்குக் கொடுத்தார். “இந்தியன் அண்ணை, இஞ்சால இருங்கோ.” யூனியன்வில்லிலிருந்து ஒரு பல் வைத்தியர், காலணியைக் கழற்றிவிட்டுக் கராஜுக்குள் வந்து, வண்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். கதவைச் சாத்த வேறு ஆள் நியமிக்கப்பட்டார். ஐம்பத்தேழு வயதில் நீக்கிலாப்பிள்ளை தன் முழுப் பெயரையும் பிறர் வாயால் கேட்டார். அது ஒலிவாங்கியில் எவ்வளவு நீளமாகவும் அழகாகவும் இருந்தது என்பதை நினைத்து, ரப்பர் விளிம்புகளின் நடுவில் நின்று தனக்குள் சிரித்துக்கொள்வார்.

“வோல்ட்டர் இண்டைக்கும் கேட்டவர்,” என்பார் கிளடிஸ்.

“என்ன கேட்டவர்?”

“இண்டைக்கு ஞாயிறோ எண்டு.”

“வசந்தம் வரட்டும்.” வசந்தம் வந்தால், “மழைக்காலம் முடியட்டும்.” மழை முடிந்தால், “மறுமதிப்பீடு முடியட்டும்.”

மூன்றாம் வருடம் ஒக்டோபரில் பேரவை வரலாற்று முடிவொன்றை எடுத்தது: நீக்கிலாப்பிள்ளையின் வண்டியை முதலாம் தரத்துக்கு உயர்த்துவது. படிவத்தில் ஒரேயொரு இடம்தான் காலி. இருபத்தேழாம் கேள்வி: ‘முந்தைய உரிமையாளரின் வாக்குமூலம்’.

“ஆள் வண்டியைக் கண்டால்தான் கதைப்பார்,” என்றார் கிளடிஸ். “கொண்டு வாங்கோ.”

வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடியாது என்பதால் ஒரு இழுவை லொறி பிடித்தார்கள். நாலு மெத்தைகள், ஆறு கயிறுகள், ஒரு வெல்வெட் உறை. இல்லத்தின் கார் நிறுத்துமிடத்தில் அதை இறக்கியபோது மத்தியானம் இரண்டு மணி, நல்ல வெயில். கிளடிஸ் சக்கர நாற்காலியில் வோல்ட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். கிழவர் தலை வாரி, கழுத்துப் பட்டி கட்டி, மடியில் ஒரு பழைய தோல் தொப்பியை வைத்திருந்தார்.

ஜெயரட்ணம் உறையை விலக்கினார். வோல்ட்டர் பார்த்தார். அவருடைய வலது பக்க முகம் முழுவதும் சிரித்தது.

“கேளுங்கோ அக்கா,” என்றார் தில்லையம்பலம், பேனாவைத் திறந்து. “இந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, மாற்றம் ஏதும் இன்றி இருக்குதோ?”

வோல்ட்டர் பானைக்குள்ளிருந்து நெடுநேரம் பேசினார். கிளடிஸ் தலையாட்டிக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

“எஞ்சின் ஒரு வண்டியின்ரயாம். இரும்புச் சட்டம் வேற வண்டியின்ரயாம். அது பாலத்திலை அடிபட்டுக் கிடந்ததாம். பச்சை, குசினி அலுமாரிக்கு அடிச்ச பெயின்ற்றிலை மிச்சமாம். மனுசிக்கு அந்த நிறம் பிடிக்குமாம். சைட்கார், சுடுதண்ணித் தொட்டித் தகரத்திலை தானே வளைச்சுச் செய்ததாம். அந்த வெள்ளைக் குமிழ் ஒரு மேசை லாச்சியின்ர கைபிடி.”

யாரோ இருமினார்கள்.

“வருசம்?” என்றார் தில்லையம்பலம். “நாற்பத்தெட்டு எண்டு அடிச்சிருக்கே!”

கிளடிஸ் குனிந்து கேட்டார். “அது குழாய்க்காரர் சங்கத்திலை அவரின்ர அங்கத்துவ இலக்கமாம். களவு போகாமல் இருக்க அடிச்சு வைச்சவராம்.”

இப்படி வயதும் போய், நிலையும் போய், ஒரு சாதாரண மனிதன் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டிய தருணம். தில்லையம்பலம் சாதாரண மனிதர் அல்லர். இரண்டு கார்களுக்கு நடுவே பேரவையின் அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். கூட்டத்துக்குத் தேவையான ஆள் எண்ணிக்கை சரி என்று ஜெயரட்ணம் குறித்துக்கொண்டார். அங்கே இருந்தவர்கள் அவர்கள் இருவரும், பார்வையாளராக நீக்கிலாப்பிள்ளையும்.

“சாட்சி சொல்லுறவரையும் நாங்கள் மதிப்பிடத்தானே வேணும்,” என்றார் தலைவர். “வயது?”

“தொண்ணூற்றொண்டு,” என்றார் ஜெயரட்ணம்.

“நிலை?”

“இடது பக்கம் வேலை செய்யேல்லை. சத்தம் தெளிவில்லை. கை நடுங்குது.”

“அசல் பாகங்கள்?”

“பல்லு மாத்தினது. இடுப்பு எலும்பும் மாத்தினது போல கிடக்கு.”

“ஐந்தாம் தரம்,” என்று தில்லையம்பலம் துக்கத்துடன் தீர்ப்பளித்தார். “ஐந்தாம் தரம், முதலாம் தரத்துக்கு எதிராச் சாட்சி சொல்லேலாது. அண்ணை, நீங்கள் உரிமையாளர். ‘முன்னவரின்ர புத்தி தெளிவில்லை’ எண்டு ஒரு கையெழுத்துப் போட்டால் காணும்.”

நீக்கிலாப்பிள்ளை பேனாவை வாங்கினார். நாற்காலியில் இருந்த கிழவரைப் பார்த்தார். வோல்ட்டர் கையைத் தூக்கி அசைத்தார். பிறகு கிளடிஸிடம் ஏதோ கேட்டார். அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

“ஓம், வோல்ட்டர்,” என்றார் கிளடிஸ். “இண்டைக்குத்தான் ஞாயிறு.”

அன்று வியாழக்கிழமை.

ஒரு நாளைக்கு ஒன்பது பேரைக் கட்டிலிலிருந்து தூக்கி இறக்குகிற கைகள் அவை. கிளடிஸ் வோல்ட்டரின் அக்குளுக்குள் கைகொடுத்து, ஒரு திருப்புத் திருப்பி, அவரைச் சைட்காருக்குள் இருத்திவிட்டார். தோல் தொப்பியை மாட்டினார். அடுத்த கணம் தானே வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

“அக்கா! தரம்! தரம்!” என்று கத்தினார் தில்லையம்பலம்.

மூன்றாம் உதைக்கு எஞ்சின் பிடித்தது. மூன்று வருடம் ஸ்ரார்ட் பண்ணாத வண்டி மூன்றாம் உதைக்குப் பிடிக்குமா என்று பேரவைக்குச் சந்தேகம் வர முன்பே கிளடிஸ் அந்த எஞ்சின் சத்தத்துக்கு மேலால் சொல்லிவிட்டார்: “ஒவ்வொரு புதன்கிழமையும் ஸ்ரார்ட் பண்ணிறனான். இவர் ஷிப்டுக்குப் போன பிறகு. வோல்ட்டர்தான் சொல்லித்தந்தவர். லைசென்சும் எடுத்திட்டன்.”

“முதலுதவி வகுப்பு எண்டு சொன்னீர்!” என்றார் நீக்கிலாப்பிள்ளை.

“நீங்கள் ஞாயிறு எண்டு சொன்னியள்.”

வண்டி போயிற்று. கார் நிறுத்துமிடத்தின் ஓரமாக, வாசலில் கூடிய தாதிமாரைத் தாண்டி, ஜன்னல்களில் ஒட்டிய வெள்ளைத் தலைகளைத் தாண்டி, ஒரு சுற்று. பிறகு இன்னொரு சுற்று. வோல்ட்டர் வலது கையைக் காற்றில் நீட்டிக்கொண்டு, யாருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படாத பெருங்குரலில் ஊளையிட்டார். நீக்கிலாப்பிள்ளை அந்த எஞ்சினின் சத்தத்தை முதன்முறையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். தன்னுடைய வண்டிக்கு எப்படிப்பட்ட குரல் என்று தனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது என்பது அவருக்கு உறைத்தது. ஒரு கால் தானாக முன்னே எழுந்தது. மூன்றாம் சுற்றில் ஓடிப்போய்க் கிளடிஸுக்குப் பின்னால் தொற்றிக்கொள்ளலாம், இடம் இருந்தது.

“அண்ணை,” என்று காதுக்குள் சொன்னார் தில்லையம்பலம். “மே மாதம் பேரவையின் முதலாவது விருது விழா. மேடையில உங்கட பேர். முழுப்பேர்.”

தூக்கிய கால் பழைய இடத்திலேயே இறங்கியது.

“ஆனா ஓடிப்போட்டுதே!” என்றார் நீக்கிலாப்பிள்ளை. “எல்லாரும் பார்த்துக்கொண்டு நிக்கினம்.”

இந்த இடத்தில் தில்லையம்பலத்தின் மேதைமை முழுமையாக வெளிப்பட்டது. அவர் படிவத்தைப் புரட்டினார். “வண்டி ஏன் ஓடினது? அந்தக் கிழவருக்குக் குடுத்த வாக்காலை. வாக்கு ஏன்? அவர் முந்தைய உரிமையாளர் எண்டபடியால். முந்தைய உரிமையாளர் எண்டு ஒருத்தர் இல்லையெண்டால் வாக்கும் இல்லை. வாக்கில்லாட்டி ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லாட்டி இறக்கம் இல்லை. தம்பி ஜெயரட்ணம், இருபத்தேழாம் கேள்வியிலை ‘இல்லை’ எண்டு எழுதும்.”

ஜெயரட்ணம் எழுதினார். நீக்கிலாப்பிள்ளை ஒப்பமிட்டார். வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாக, அவ்வளவு அழகாக அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

வோல்ட்டர் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினார். மே மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சூப்புக்குப் பிறகு தூங்கினவர் எழும்பவில்லை. அடக்கம் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. விருது விழா அதே சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு.

நீக்கிலாப்பிள்ளை கண்ணாடிக்கு முன்னால் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டிருந்தார். கிளடிஸ் கறுப்புச் சட்டையோடு கதவடியில் வந்து நின்றார்.

“அவருக்கு ஆக்கள் இல்லை. நானும் இல்லத்திலை இருந்து ரெண்டு பேரும்தான். ஒரு பத்து நிமிசம் வந்து நிண்டிட்டுப் போங்கோவன்.”

“நேரம் காணாது, கிளடிஸ். பொன்னாடை பன்னிரண்டு மணிக்கெல்லே.”

கிளடிஸ் திரும்பிப் படியிறங்கினார். கீழே கராஜ் கதவு மேலேறும் சத்தம் கேட்டது. தொடர்ந்து மூன்று உதைகள். நீக்கிலாப்பிள்ளை படியிறங்கி ஓடிவந்தபோது, வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. சைட்காரில் தோல் தொப்பி மட்டும் இருந்தது.

இழுவை லொறியோடு வந்த தில்லையம்பலம், வெறும் கராஜையும் தரையில் கிடந்த வெல்வெட் உறையையும் பார்த்தார். ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு ஜெயரட்ணத்திடம், “உந்த ரெண்டு பிளாஸ்ரிக் கதிரையையும் எடும்,” என்றார்.

மண்டபத்தின் மேடை நடுவே, பூமாலை சூட்டப்பட்ட வெல்வெட் உறைக்குக் கீழே, இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகளும் ஒரு குப்பைத் தொட்டியும் கம்பீரமாக நின்றன. “வெளிச்சம் பட்டால் மதிப்பு இறங்கும், ஆகையால் உறையை நீக்கமாட்டோம்,” என்று தலைவர் அறிவித்தபோது சபை மரியாதையுடன் தலையசைத்தது. பல் வைத்தியர் உறையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். ஒரு பெண்மணி, அதன் வளைவிலேயே பழைய அமெரிக்க வேலைப்பாடு தெரிகிறது என்றார். அப்போதே, அவ்விடத்திலேயே, முதலாம் தரம் உறுதிப்படுத்தப்பட்டது.

ஜெயரட்ணம் ஒலிவாங்கியில் பாராட்டுரையை வாசித்தார்: “ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தெட்டாம் ஆண்டு தொடக்கம், முந்தைய உரிமையாளர் எவருமின்றி, எழுபத்தெட்டு ஆண்டுகளாக இந்த அரும்பெரும் ஊர்தியைத் தன் ஒரே கையால் காத்துவரும் திருவாளர் நீக்கிலாப்பிள்ளை அவர்கள்!”

திருவாளர் நீக்கிலாப்பிள்ளை அவர்களுக்கு அறுபது வயதாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மண்டபத்தில் நூற்றெண்பது பேர் இருந்தார்கள். அவர்களில் கணக்காளர்கள் மட்டும் ஒன்பது பேர். ஒருவரும் கழித்துப் பார்க்கவில்லை. அவர் மேடையேறினார், பொன்னாடைக்குத் தலை குனிந்தார். கைதட்டல் ஓய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

இப்படியொரு மனிதரைக் கௌரவிக்காமல் வேறு யாரைக் கௌரவிப்பது? வண்டியை வோல்ட்டர் மனமுவந்து கொடுத்தார். அதை எவரும் வாங்கிக்கொள்வார்கள். கொடுத்தவரையே களவெடுக்க நீக்கிலாப்பிள்ளையால்தான் முடிந்தது.